செவர்ன் ஆற்றங்கரையில் கரியும் இரும்பும்

வியாழன், கிடர்மின்ஸ்டர்

கிடர்மின்ஸ்டரில் இரண்டு ரயில் நிலையங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் பர்மிங்காமிலிருந்து வரும் அன்றாட டீசல் வண்டிகள் வந்து போகும். செங்கல் முகப்போடு பக்கத்தில் இருப்பது செவர்ன் வேலி ரயில்வேயின் நிலையம். பார்த்தால் விக்டோரியா ராணி காலத்துக் கட்டடம் என்றுதான் தோன்றும். ஆனால் கட்டியது 1980களில். பழைய கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே நிலையங்கள் எப்படி இருந்தனவோ அதே பாணியில், அதே மாதிரி வேலைப்பாடுகளோடு எழுப்பியிருக்கிறார்கள்.

இந்தப் பாதையின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1862 பிப்ரவரி 1ஆம் தேதி ஹார்ட்டில்பரியிலிருந்து ஷ்ரூஸ்பரி வரை 40 மைல் நீளத்துக்குத் திறந்த கிளைப்பாதை இது. செவர்ன் ஆற்றை ஒட்டியே ஓடியது. ஊர்கள் சின்னவை, கூட்டம் குறைவு. 1963 செப்டம்பரில் பாதையின் பெரும்பகுதியில் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். பிரிட்ஜ்நார்த்துக்கு வடக்கே தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்தாயிற்று. தெற்கே மட்டும் நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1969 வரை சரக்கு வண்டி ஓடியது. இதற்கிடையில் 1965ல் உள்ளூர் ஆர்வலர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கையில் இருந்த பணத்துக்குப் பாதையைத் துண்டு துண்டாகத்தான் வாங்க முடிந்தது. 1970 மே 23 அன்று பிரிட்ஜ்நார்த்திலிருந்து ஹாம்ப்டன் லோடு வரை முதல் வண்டியை ஓட்டினார்கள். 1974ல் பியூட்லி, 1984ல் கிடர்மின்ஸ்டர். இப்போது 16 மைல், அதாவது 26 கிலோமீட்டர் அவர்கள் கையில் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் உண்டு. ஆனால் டிக்கெட் பார்ப்பவர், கைகாட்டி இழுப்பவர், கரி போடுபவர் என்று பாதையில் நாம் சந்திக்கும் பெரும்பாலானோர் விடுமுறை நாளில் வந்து இலவசமாக உழைப்பவர்கள்.

என்னோடு வந்திருப்பவர் பெரியப்பா. 1970களின் தொடக்கத்தில் விழுப்புரம் லோகோ ஷெட்டில் க்ளீனராகச் சேர்ந்தவர். செகண்ட் பயர்மேன், பர்ஸ்ட் பயர்மேன் என்று படிப்படியாக ஏறினார். மீட்டர் கேஜில் ஒய்.பி. எஞ்சின்களுக்குப் பல வருஷம் கரி அள்ளிப் போட்டு, கடைசியில் டீசல் டிரைவராக ஓய்வு பெற்றவர். பர்மிங்காமுக்கு என்னைப் பார்க்க வந்திருக்கிறார். இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

இன்று மாலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடைசி வண்டி வந்து நின்றிருந்தது. எல்லோரும் எஞ்சினைப் படம் பிடிக்க முன்னால் ஓடினார்கள். பெரியப்பா எதிர்த்திசையில் போய்க் கடைசிப் பெட்டியின் பின்னால் குனிந்து பிரேக் குழாயைப் பார்த்தார்.

“வாக்யூம் ஹோஸ்டா. நம்ம வண்டியில இருந்த அதே சாமான்.”

அருகில் நின்ற கார்டு விசாரித்துவிட்டு, கிரேட் வெஸ்டர்ன் வண்டிகளில் 25 அங்குலம் வாக்யூம் (பிரேக் குழாயில் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) வைப்பார்கள், மற்ற கம்பெனிகளில் 21 என்று விளக்கினார். அடுத்த அரை மணி நேரம் இருவரும் பிரேக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் அதிகம் வரவில்லை. பாதிச் சொற்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தன.

வெள்ளி, கிடர்மின்ஸ்டரிலிருந்து பிரிட்ஜ்நார்த் வரை

காலை வண்டியை இழுக்க வந்தது 2857ஆம் எண் எஞ்சின். 1918ல் ஸ்விண்டன் பட்டறையில் செய்தது. சரக்கு இழுப்பதற்கென்றே வடிவமைத்த வகை, எட்டு பெரிய சக்கரங்கள். பின்னால் சாக்லேட் நிறமும் கிரீம் நிறமும் பூசிய பெட்டிகள்.

இந்த எஞ்சின் உயிரோடு இருப்பதற்குக் காரணம் வேல்ஸின் பாரி துறைமுகத்தில் இருந்த ஒரு பழைய இரும்புக் கடை. 1968 ஆகஸ்ட்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் முக்கியப் பாதைகளில் நீராவியை முழுதாக நிறுத்தியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எஞ்சின்களை எடைக்குப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். பாரியில் உட்ஹாம் சகோதரர்கள் கிட்டத்தட்ட முந்நூறு எஞ்சின்களை வாங்கியிருந்தார்கள். ஆனால் சரக்கு வேகன்களை உடைப்பது சுலபம் என்று அதை முதலில் செய்தார்கள். எஞ்சின்கள் கடற்காற்றில் துருப்பிடித்தபடி வருஷக்கணக்காகக் காத்திருந்தன. அந்த இடைவெளியில் நாடு முழுவதிலுமிருந்து ஆர்வலர்கள் காசு திரட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக மொத்தம் 213 எஞ்சின்களை மீட்டுப் போனார்கள். 2857ம் அதில் ஒன்று. இன்று பிரிட்டனில் இத்தனை பாரம்பரிய ரயில்வேக்கள் ஓடுவதற்கு அந்த ஒரு கடையின் வேலை வரிசை பெரிய காரணம்.

கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களில் டிரைவர் வலப்பக்கம் நிற்பார். கைகாட்டியின் கை கீழே தாழ்ந்தால் வழி கிடைத்தது என்று பொருள். மற்ற பிரிட்டிஷ் கம்பெனிகள் கை மேலே உயரும் முறைக்கு மாறிய பிறகும் இவர்கள் மாறவில்லை. பியூட்லி நிலையத்தை நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கை சட்டென்று தாழ்ந்தது. “நம்ம கை” என்றார் பெரியப்பா. தென்னக ரயில்வேயின் கிளைப்பாதைகளிலும் அப்படித் தாழும் கைகள்தான் இருந்தன.

பியூட்லியைத் தாண்டியதும் ஆறு பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. அகலமில்லாத, பழுப்பு நிற ஆறு. இரண்டு கரையிலும் ஓக் மரங்கள். தூண்டில்காரர்கள் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே தண்டவாளம் என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் டோக்கன் வேண்டும். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரு டோக்கன்தான் இயந்திரத்திலிருந்து வெளியே வரும். அதனால் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடும் பேச்சே கிடையாது. நம் ஊரில் இதற்கு நீல்ஸ் பந்து டோக்கன் இருந்தது. ஒரு இரும்புப் பந்தைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடும் வண்டியில் கையை நீட்டி அந்த வளையத்தை வாங்க வேண்டும். ஆர்லியில் கேபின்காரர் வளையத்தோடு பிளாட்பாரத்தில் நடந்து வந்தபோது பெரியப்பா தன் இடது முழங்கையைத் தடவிக்காட்டினார். ராத்திரியில் வேகம் குறைக்காமல் வாங்கி வாங்கி அங்கே தோல் தடித்துப்போயிருக்கிறது.

ஆர்லியில் இறங்கிவிட்டோம். பூந்தொட்டிகளும் மர இருக்கைகளும் உள்ள சின்ன நிலையம். படகுத்துறைப் பக்கம் இறங்கி, ஆற்றோரமாகத் தெற்கே திரும்பி நடந்தால் விக்டோரியா பாலம் வரும். இந்தப் பாதையில் வருகிறவர்கள் எப்படியாவது நேரம் ஒதுக்கி இந்த நடையை நடந்துவிட வேண்டும் என்பேன். வண்டியில் உட்கார்ந்தபடி கடந்தால் பாலம் தெரியவே தெரியாது.

வார்ப்பிரும்பில் ஒரே வளைவு, 200 அடி அகலம். வடிவமைத்தவர் ஜான் ஃபவுலர். பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தை வடிவமைத்த இருவரில் ஒருவர். வளைவின் உச்சியில் 1861 என்ற ஆண்டு இருக்கிறது. வார்த்து நிறுவியது கோல்புரூக்டேல் கம்பெனி என்பதையும் பாலத்திலேயே பொறித்திருக்கிறார்கள். அந்தக் கோல்புரூக்டேல் இதே ஆற்றின் மேல்பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் போய்க்கொண்டிருப்பதே அங்கேதான். கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெற்கு நோக்கி ஒரு வண்டி போயிற்று. பாலத்தில் அதிர்வு எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கனமாக இறங்கி வந்தது. 160 ஆண்டுகளுக்கு மேலாகச் சுமை தாங்கும் வார்ப்பு அது.

அடுத்த வண்டி பிடித்து ஹைலி. இங்கே எஞ்சின் ஹவுஸ் என்ற அருங்காட்சியகம் 2008 முதல் இருக்கிறது. 1943ல் ராணுவத்துக்காகச் செய்த கார்டன் என்ற, பத்துப் பெரிய சக்கரங்கள் கொண்ட எஞ்சின் பளபளவென்று நீல நிறத்தில் நிற்கிறது. நல்ல பராமரிப்புதான். ஆனால் காலையில் ஓடுகிற எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்துவிட்டு, அணைந்துபோன எஞ்சின்கள் முன்னால் அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை. அங்கே ஒரு தேநீர், அப்புறம் மறுபடி பிளாட்பாரம்.

பிரிட்ஜ்நார்த் வந்ததும்தான் இன்றைய நாளின் முக்கியமான சம்பவம். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்றது. பயர்மேன் ஒரு இளம்பெண், இருபதுகளின் நடுவில் இருக்கும். வார நாட்களில் வேறு வேலை. பள்ளியில் படிக்கும்போதே இங்கே க்ளீனராக வந்து எண்ணெய்த்துணியால் சக்கரம் துடைக்கத் தொடங்கியவர். பல வருஷத்துக்குப் பின் பயர்மேன் தேர்வு முடித்திருக்கிறார். டிரைவராக இன்னும் பல வருஷம் ஆகும். பெரியப்பா தான் ஏறிய படிகளை வரிசையாகச் சொன்னார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எங்களை மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார்.

பெரியப்பா முதலில் தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு அழுத்தமானியை, அதன் பின் பயர்பாக்ஸ் கதவுக்குள். உள்ளே தணல் கதவுப் பக்கம் மேடாகவும், முன்னால் போகப் போகச் சரிவாகவும் இருந்தது. “என்னம்மா, இவ்வளவு கெட்டியா போட்டு வச்சிருக்க?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. கிரேட் வெஸ்டர்ன் எஞ்சின்களின் பயர்பாக்ஸ் வேல்ஸ் நிலக்கரிக்காகவே வடிவமைத்தது. அந்தக் கரி சாம்பல் குறைந்தது, நிதானமாக எரியும், அதனால் குவித்துப் போட்டால்தான் சரியாக வேலை செய்யும். அப்படித்தான் அவருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் வேல்ஸில் ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகு பாரம்பரிய ரயில்வேக்கள் வெளிநாட்டுக் கரியையும், தூளை அழுத்திச் செய்த உருண்டைகளையும் நம்பியிருக்கின்றன. ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி எரிகிறது. சிலது ஒரே புகை. சிலது அடுப்புத் தட்டின் கம்பிகளின் மேல் உருகி ஒட்டி, காற்றை அடைத்துவிடுகிறது. வயதான டிரைவர்களுக்கும் இது பழக்கமில்லாத கரி.

பெரியப்பாவுக்கு இதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. வாழ்க்கை முழுக்க அவர் எரித்தது அப்படிப்பட்ட கரியைத்தான். சில லோடுகளில் மூன்றில் ஒரு பங்கு சாம்பலாகவே இருக்குமாம். மெல்லிசாகப் பரப்ப வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட வேண்டும், கிளிங்கர் (உருகி இறுகிய சாம்பல் கட்டி) கட்டுகிற மாதிரித் தெரிந்தால் உடனே கம்பியை விட்டுக் கிளப்ப வேண்டும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வந்தார். அதற்குள் புறப்படும் நேரம் ஆகிவிட்டது. “எழுதி அனுப்ப முடியுமா?” என்று கேட்டுத் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார்.

பிரிட்ஜ்நார்த்தில் பாய்லர் பட்டறையும் இருக்கிறது. பிரிட்டனில் இப்படி ஓடும் எஞ்சினின் பாய்லரைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துச் செப்பனிட்டாக வேண்டும். குழாய்களையெல்லாம் உருவி எடுத்து, தேய்ந்த தகட்டை வெட்டி, புதிதாக ஆணி அடித்து இறுக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் பவுண்ட் ஆகும், வருஷக்கணக்கில் வேலை நடக்கும். பணத்தை விடவும் அந்த வேலை தெரிந்த கைகள்தான் அரிது. இங்கே வெளி ரயில்வேக்களின் பாய்லர்களையும் எடுத்துச் செய்கிறார்கள், இளைஞர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கிறார்கள். எஞ்சினை விட இந்தப் பட்டறைதான் இந்த ரயில்வேயின் பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றியது.

பாதையைக் காப்பதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. 2007 ஜூன் மழையில் கரை பல இடங்களில் சரிந்து, முழுப் பாதையும் மறுபடி திறக்க 2008 மார்ச் ஆகிவிட்டது. 2025 ஜனவரியிலும் பிரிட்ஜ்நார்த் அருகே கரை சரிந்தது.

சனி, பிளிஸ்ட்ஸ் ஹில்

பிரிட்ஜ்நார்த் இரண்டு அடுக்கு ஊர். கீழூர் ஆற்றோரம், மேலூர் பாறை மேல். இரண்டையும் இணைக்க 1892ல் ஒரு சின்ன மலை ரயிலைத் திறந்தார்கள். இரண்டு பெட்டிகள் கம்பிவடத்தின் இரு முனைகளில், ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். முதலில் தண்ணீர்த் தொட்டியின் எடையால் ஓடியதை 1940களில் மின்சாரத்துக்கு மாற்றினார்கள். மேலே இடிந்த கோட்டையின் ஒரு கோபுரம் சாய்ந்து நிற்கிறது. சாய்வு பைசாவை விட அதிகம்.

நீராவி வரலாற்றிலும் இந்த ஊருக்கு இடம் உண்டு. 1808ல் லண்டனில் ரிச்சர்ட் ட்ரெவிதிக் வட்டப் பாதையில் ஓட்டிக்காட்டி, மக்களைக் காசுக்கு ஏற்றிய எஞ்சினைச் செய்தது இங்கிருந்த ஹேசல்டைன் வார்ப்படச்சாலை.

பழைய பாதை இங்கிருந்து அயர்ன்பிரிட்ஜ் வரை நேராகப் போயிருக்கும். தண்டவாளம் இல்லாததால் டாக்ஸி பிடித்தோம்.

பிளிஸ்ட்ஸ் ஹில் என்பது 1900ஆம் ஆண்டு வாக்கில் இருந்த ஒரு தொழில் ஊரை அப்படியே வைத்திருக்கும் திறந்தவெளி அருங்காட்சியகம். 1973ல் தொடங்கியது. இடத்திலேயே இருந்தவை சில: மேட்லி வுட் கம்பெனியின் இரும்பு உருக்கும் இடிந்த ஊதுலைகள், கால்வாய், சாய்தளம். மற்ற கட்டடங்கள் வேறு ஊர்களில் இடிக்கப்பட இருந்தவை. செங்கல் செங்கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பியிருக்கிறார்கள்.

நுழைந்ததும் வங்கி. இன்றைய பணத்தைக் கொடுத்தால் பழைய பென்னி, ஆறு பென்ஸ், ஷில்லிங் மாதிரியில் செய்த காசுகள் தருவார்கள், கடைகளில் அதைச் செலவு செய்யலாம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். 1971 வரை இந்த நாட்டில் இதுதான் கணக்கு. பெரியப்பாவுக்கு இது கடினமாகவே இல்லை. நம் நாடு 1957ல் நயா பைசாவுக்கு மாறிய பிறகும் சில வருஷம் அணா புழக்கத்தில் இருந்தது. கடைக்குப் போகும் சிறுவனாக அவர் இரண்டையும் மனக்கணக்காகப் போட்டவர்.

மெழுகுவத்திக் கடையில் திரியைக் கொழுப்பில் முக்கி முக்கி எடுக்கிறார்கள். ஒவ்வொரு முக்கலுக்கும் ஆறவிட வேண்டும். சுரங்கத் தொழிலாளி இந்த வத்தியைத் தன் கூலியிலிருந்து வாங்கிப் போய் அதன் வெளிச்சத்தில் வேலை செய்தான். அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்து ஒரு விளம்பரத் தாள் அடித்துக் கொடுத்தார்கள். இனிப்புக் கடையில் குழந்தைகள் வரிசை நீளம், நாங்கள் நிற்கவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கும் கடையில் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். சைவக்காரர்கள் பேக்கரிப் பக்கம் போவது நல்லது. பெரியப்பா அங்கே இரண்டு பன் வாங்கிக்கொண்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது வார்ப்படச்சாலை. கோயம்புத்தூர்ப் பக்கம் பவுண்டரி பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மரத்தில் செய்த மாதிரியைப் பெட்டிக்குள் வைத்து, ஈர மண்ணைக் கொட்டிக் கிட்டிப்பார்கள். பெட்டியைப் பிரித்து மாதிரியை எடுத்தால் மண்ணில் அதன் அச்சு நிற்கும். உலோகம் இறங்க ஒரு வழி, காற்று வெளியேற ஒரு வழி. அங்கே வேலை செய்தவர் மண்ணைக் கையில் பிடித்து அழுத்தி, இரண்டாக உடைத்து, உடைந்த விளிம்பு உதிராமல் நிற்கிறதா என்று பார்த்தார். ஈரம் அதிகமானால் ஆவி கிளம்பி வார்ப்பு கெடும், குறைந்தால் அச்சு உதிரும். ஈரம் சரியா என்று கைதான் சொல்ல வேண்டும்.

வேடம் போட்டு நிற்கிறவர்களில் இரண்டு வகையைப் பார்த்தேன். ஒரு வகையினர் 1900ஆம் ஆண்டு ஆட்களாகப் பேசிக்காட்டுகிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். இன்னொரு வகையினர் பேச்சு குறைவு, வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். என் மனம் இரண்டாம் வகையினரிடம்தான் போனது. அவர்கள் நாளை வராவிட்டால் அந்தத் தொழிலும் இந்த இடத்தில் நின்றுவிடும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஊர் மிகவும் சுத்தமாக இருக்கிறது. அசல் ஊரில் புகையும் கசடும் சேறும் இருந்திருக்கும். இந்தப் பகுதிச் சுரங்கங்களின் வாயில், தோண்டிவந்த கழிவிலிருந்து இரும்புக்கல்லைப் பொறுக்கிச் சுமந்தவர்கள் இளம்பெண்கள். பத்து வயதுக்குக் குறைந்த பையன்கள் சுரங்கத்துக்குள் இறங்கக்கூடாது என்ற சட்டமே 1842ல்தான் வந்தது. சுரங்க வாயில், பாரம் தூக்கும் இயந்திரம் எல்லாம் இங்கே இருக்கின்றன. அந்தப் பெண்களின் உழைப்பை இன்னும் உரக்கச் சொல்லலாம்.

மாலையில் சாய்தளம். 1790களில் செய்தது. மேலே ஒரு கால்வாய், கீழே ஆற்றோரம் இன்னொரு கால்வாய், இரண்டுக்கும் நடுவே 207 அடி உயர வித்தியாசம். சக்கரம் வைத்த தொட்டிலில் படகை ஏற்றித் தண்டவாளத்தில் இறக்குவார்கள். கீழே போகும் படகின் எடை மேலே வரும் படகை இழுக்கும். மடைகள் கட்டியிருந்தால் மணிக்கணக்கில் ஆகும் வேலையைச் சில நிமிஷத்தில் முடித்திருக்கிறார்கள்.

ஒரு கொட்டகையில் ட்ரெவிதிக்கின் 1802ஆம் ஆண்டு எஞ்சினின் நகல் நிற்கிறது. பெரிய சுழல்சக்கரம், பற்சக்கரங்கள், படுக்கை வாட்டில் ஒற்றை சிலிண்டர். அசலைக் கோல்புரூக்டேல் கம்பெனி அவருக்காகச் செய்ய எடுத்துக்கொண்டது. அது ஓடியதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. 1804 பிப்ரவரியில் வேல்ஸின் பெனிடாரனில் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்த எஞ்சின்தான் வரலாற்றில் நிலைத்தது. எஞ்சியிருக்கும் பழைய வரைபடத்தைப் பார்த்து இந்த நகலைச் செய்தவர்கள் தொழிற்பயிற்சி மாணவர்கள். இன்று அதைக் கொளுத்தவில்லை. பெரியப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, “கரி போடுற கதவும் பிஸ்டனும் ஒரே பக்கம்டா, எங்க நின்னு போட்டிருப்பான்?” என்று கேட்டார். அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். அவரும் நின்று யோசித்தார்.

ஞாயிறு, அயர்ன்பிரிட்ஜ், கோல்புரூக்டேல்

அந்தப் புகழ்பெற்ற இரும்புப் பாலம் காலையில் கூட்டமில்லாமல் இருந்தது. 1779ல் நிறுத்தி, 1781 புத்தாண்டு நாளில் திறந்தார்கள். 30 மீட்டர் வளைவு, 378 டன் இரும்பு. வடிவத்தை வரைந்த தாமஸ் பிரிச்சர்ட் 1777லேயே இறந்துவிட்டார். வார்த்து முடித்த மூன்றாம் ஆப்ரகாம் டார்பிக்குச் செலவு மதிப்பீட்டைத் தாண்டி, கடன் கடைசிவரை தீரவில்லை. உலகின் முதல் பெரிய வார்ப்பிரும்புப் பாலம் இது. இதை எப்படி இணைப்பது என்று அன்று யாருக்கும் முன்மாதிரி கிடையாது. அதனால் தச்சர்களின் முறையையே எடுத்துக்கொண்டார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பொளிவாயும் கழுந்தும், ஆப்பும் தெரிகின்றன, மர வீட்டு உத்தரத்தில் இருக்கிற மாதிரி. 1795 வெள்ளத்தில் ஆற்றின் மற்ற பாலங்கள் சேதப்பட, இது மட்டும் அசையாமல் நின்றது.

சுங்கச்சாவடிப் பலகையில் கட்டணப் பட்டியல் இன்னும் இருக்கிறது. படைவீரர்கள் மட்டுமின்றி அரச குடும்பத்தாரும் காசு கொடுத்தாக வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பாலத்தின் தென்கரையில் ஒரு வாகன நிறுத்துமிடம். செவர்ன் வேலி பாதையின் நிலையம் இருந்த இடம் அது. நாங்கள் வெள்ளிக்கிழமை வந்த வண்டி 1963 வரை இங்கே வந்து நின்றிருக்கும்.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கோல்புரூக்டேலின் பழைய ஊதுலை, மேலே கூரை போட்டு வைத்திருக்கிறார்கள். 1709ல் முதலாம் ஆப்ரகாம் டார்பி இங்கே மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியால் (சுட்டுப் புகை நீக்கிய நிலக்கரி) இரும்பு உருக்கினார். இந்தப் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் குறைவு, அது அவருக்குக் கைகொடுத்தது. காடு தீர்ந்துவிடுமே என்ற கவலை இல்லாமல் இரும்பை மலிவாக உருக்க வழி பிறந்தது. அவர் அதில் முதலில் வார்த்தது சமையல் பானைகள். மண் அச்சில் மெல்லிய இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு 1707லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அப்புறம் நீராவிப் பம்புகளின் சிலிண்டர்கள், தண்டவாளம், பாலம், ட்ரெவிதிக்கின் எஞ்சின், நேற்று முன்தினம் பார்த்த விக்டோரியா பாலம். எல்லாம் இந்தச் சின்னப் பள்ளத்தாக்கின் வேலை.

கோல்புரூக்டேலில் வார்ப்பு வேலை மூன்று நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்து நடந்தது. அடுப்புகளுக்கு வார்ப்பு செய்துவந்த கடைசி வார்ப்படச்சாலையை 2017 நவம்பரில் மூடிவிட்டார்கள். இதைப் படித்தபோது நேற்று மண்ணைக் கையில் உடைத்துக் காட்டியவரின் வேலை எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. 1709ல் தொடங்கிய தொழிலை இந்தப் பள்ளத்தாக்கில் பொதுமக்கள் கண் முன்னால் செய்துகாட்ட அவரைப் போன்ற சிலர்தான் இருக்கிறார்கள். நம் ஊரில் நீராவி எஞ்சின் ஓட்டியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று. ஊட்டி மலைப் பாதையில் மட்டும் அந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. மீட்டர் கேஜ் ஷெட்டுகளில் இருந்தவர்கள் தெரிந்துவைத்திருந்ததை யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

டெல்ஃபோர்டிலிருந்து பர்மிங்காம் திரும்பும் வண்டியில் அந்த மின்னஞ்சலை எழுதினோம். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சாம்பல் அதிகமுள்ள கரியை எந்த அளவுக்கு உடைத்துப் போட வேண்டும், தூளுக்கு எவ்வளவு தண்ணீர் தெளிக்க வேண்டும், புகையின் நிறத்தை வைத்துக் காற்று போதவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது, ஏற்றம் வருவதற்கு எவ்வளவு முன்னால் நெருப்பைத் தயார் செய்ய வேண்டும், கிளிங்கர் எந்த மூலையில் முதலில் கட்டும். வுல்வர்ஹாம்ப்டன் தாண்டியும் முடியவில்லை. நடுவில் ஒரு வரியை நிறுத்தி, ஒய்.பி.யின் பயர்பாக்ஸ் அகலமானது, அவர்களுடையது நீளமும் குறுகலுமாக இருந்தது, அதனால் பின்மூலைகளுக்கு இது அப்படியே பொருந்தாது என்று சேர்க்கச் சொன்னார். இணைப்பாக ஒரு படமும் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை ஸ்கேன் செய்து சேர்த்து அனுப்ப வேண்டும்.